ஒரே நாளில் விட்டவள்

அவளுக்கு நான் வாங்கிக்கொண்டுபோன முதல் டீயை அவள் குடிக்கவில்லை.

தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது. கொடைக்கானலில் இருந்து கேரட் ஏற்றி வரும் லாரியில் கிளீனராக இருந்தேன். வழியில் காய்ச்சல் கண்டது. டிரைவர் என்னை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பசி பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாவு மில்லில் மூட்டை தூக்க ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். போனேன்.

மில்லை ஓட்டியது ஒரு பெண். முதலாளி மதுரையில் இருந்தார். வாரத்தில் ஒரு நாள் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் அவள்தான். நாற்பது வயது இருக்கும். குச்சியான உடம்பு. புருவம், இமை, காதோரத்து முடி எல்லாவற்றிலும் மாவு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன படிச்சிருக்க?"

"எட்டாவது பாதி."

"தூக்குச்சட்டியில, பையில பேரு எழுதியிருந்தா வாசிப்பியா?"

"வாசிப்பேன்க்கா."

"போதும். அந்தக் கோதுமைய எடுத்து இங்கிட்டு வையி."

வேலை கிடைத்த சந்தோஷத்தில் மறுநாள் காலை இரண்டு டீ வாங்கிக்கொண்டு போனேன். அவள் கையை மட்டும் அசைத்தாள்.

"நான் டீய விட்டு ஆறு வருசமாச்சு தம்பி. ரெண்டையும் நீயே குடி."

"உடம்புக்கு ஆகாதாக்கா?"

"உடம்புக்கு என்ன. விட்டுட்டேன். அம்புட்டுத்தான்."

அவள் தெருக்காரர்கள் எல்லாரும் வேதக்காரர்கள். சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருவார்கள். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் தவக்காலம், ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவார்கள். கறி, மீன், சினிமா, பீடி, அவரவருக்கு எது பிடிக்குமோ அது. அதற்கு ஒறுத்தல் என்று பெயர். ஈஸ்டர் வந்ததும் விட்டதை எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு வத்தலக்குண்டு கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது. எல்லாரும் செய்வது அதுதான். அவள் மட்டும் விட்டதைத் திரும்ப எடுத்ததில்லை. ஒரு வருசம் வெற்றிலை, ஒரு வருசம் டீ, ஒரு வருசம் மீன். நான் போய்ச் சேர்ந்தபோது அவளிடம் விடுவதற்கு அதிகம் மிச்சமில்லை.

கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கோதுமை அரைக்க வந்தால் வேண்டுமென்றே கிண்டுவார்.

"இந்த வருசம் எதம்மா விடப்போற? விடுறதுக்கு இன்னும் என்னதான் வச்சிருக்க?"

"அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் கெடைக்கலன்னா ஒங்களோட பேசுறத விட்டுருவேன்."

வெற்றிலை அவளுக்குப் பதினான்கு வயதில் பிடித்த பழக்கமாம். புகையிலையோடு போடுவாள். ஒரு சாம்பல் புதனன்று பையை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தவள், மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். பிறகு வாயில் வைக்கவே இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் விட வேண்டும் என்று பத்து தடவையை எட்டாக்கினாள், எட்டை ஆறாக்கினாள், நான் பார்க்கும்போது மறுபடி பத்தில் இருந்தாள். அவளைக் காட்டித்தான் அக்கா சொல்வாள்.

"குறைக்கிறேன்னு சொல்றவ விட மாட்டா தம்பி. குறைக்கிறதுங்கிறது ஆசைய மடியில தூக்கி வச்சுக் கொஞ்சுறது. விடணும்னா பட்டுன்னு விடணும்."

புருசனையும் அப்படித்தான் விட்டாள். குடித்துவிட்டு அடிப்பானாம். பதினோரு வருசம் பொறுத்தவள், ஒரு மத்தியானம் சோற்றை வடித்து அவனுக்கு மூடி வைத்துவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் தெருவில் ஒற்றை அறை வாடகைக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை. சில நாள் அவன் மில் வாசலில் வந்து நிற்பான். அவன் தலை தெரிந்ததும் அவள் மோட்டாரைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் தவிட்டு மூட்டையை எடுத்து மேல்தொட்டியில் கொட்டுவாள். அவன் வாயை வாயைத் திறந்து கத்துவான், கையை ஆட்டுவான். ஒரு சொல்கூட எங்களுக்குக் கேட்காது. அரை மணி நேரம் வெறும் தவிடு ஓடும். அவன் ஓய்ந்து போனதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, "போயிட்டானா?" என்பாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இருக்காது.

மோட்டாரை நிறுத்துவதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. சேர்ந்த புதிதில், மேல்தொட்டி நிறைய அரிசி இருக்கும்போது யாரோ கூப்பிட்டார்கள் என்று நான் பட்டென்று சுவிட்சை அமர்த்திவிட்டேன். கல்லுக்கு நடுவில் அரிசி இறுகிக்கொண்டது. மறுபடி போட்டால் மோட்டார் உறுமுகிறது, கல் சுற்றவில்லை. கல்லைப் பிரித்து, கரண்டியால் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான்.

"ஏலே, வாயில சோறு வச்சிருக்கவனக் கழுத்தப் புடிச்சா என்னடா ஆகும்? மொதல்ல மேல அடைக்கணும். உள்ள இருக்கத அரைக்க விடணும். சத்தம் மாறும். வெறுங்கல்லு சத்தம் கேக்கும். அப்பத்தான் நிப்பாட்டணும். ஓடுற மெஷினப் பட்டுன்னு நிப்பாட்டுறவன் வேலக்காரனா?"

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

எனக்கு ஒரு ஊரில் கால் நிற்காது. ஆறு மாதம் இங்கே இருந்தால் நான்கு மாதம் எங்காவது போய்விடுவேன். திருப்பூரில் பனியன் மூட்டை கட்டினேன், எர்ணாகுளத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். ஒன்றும் ஒட்டாது. திரும்பி வந்து மில் வாசலில் நிற்பேன். "வந்துட்டியா? அந்த மொளகாய எடுத்து வையி" என்பாள். எங்கே போனாய், ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை.

இளைப்பு அவளுக்கு எப்போது தொடங்கியது என்று தெரியாது. நான் வந்த காலத்திலேயே மிளகாய் அரைக்கும் நாளில் இருமுவாள். பிறகு கோதுமைக்கும் இருமினாள். ஒரு மார்கழியில் மாவு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, மூச்சு உள்ளே போகாமல் திணறினாள். பேச்சு வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் மெடிக்கலுக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு அட்டையில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார். பொடிசான மாத்திரை, வெள்ளை.

"மூணு நாளைக்குக் குடு. கேக்கும்."

கேட்டது. மறுநாள் காலை அவளே மூட்டையைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

"நெஞ்சு மேல இருந்த கல்ல எவனோ தூக்கி எறிஞ்சாப்புல இருக்கு தம்பி. என்னா மாத்திரைடா அது!"

மூன்று நாள் முடிந்தது. நாலாம் நாள் மாவு பறந்தது, மூச்சு இழுத்தது. வெறும் அட்டையை என்னிடம் கொடுத்தாள். நான் போய்க் காட்டினேன். கடைக்காரர் கொடுத்தார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அப்படியே போனது. நான் ஊரில் இருக்கும்போது நான், இல்லாதபோது அவள் மகள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு வருசத்துக்கு மேல் அவள் அந்த மாத்திரையைத் தின்றாள்.

தினமும் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்ததால் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தது. கன்னம் பூரித்தது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. ரவிக்கையைப் பிரித்துத் தைத்தாள். அரைக்க வரும் பெண்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"என்னக்கா, மொதலாளி சம்பளத்தக் கூட்டிட்டாரா? மூஞ்சி மெழுகு பூசுனாப்புல இருக்கு!"

"எல்லாத்தையும் விட்டாச்சுல்ல, அதான் சத ஒட்டுது."

அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். வாழ்நாள் முழுக்கக் குச்சி, கம்பு என்று பேர் வாங்கியவள். மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தில் பவுன் நிறத்துச் சேலையில் நிறைவாக உட்கார்ந்திருப்பாள். ஊரே அதைச் செழிப்பு என்று நினைத்தது. நானும் நினைத்தேன்.

பிறகு வேறு சிலதும் வந்தன. தகர டின் விளிம்பு கையில் பட்டாலே ஊதா நிறத்தில் கன்றிப்போனது. காலில் பட்ட கீறல் இரண்டு மாதம் ஆறவில்லை. ஒரு நாள் பத்து கிலோ பையைத் தூக்கியவள், "ஆத்தே" என்று அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டாள். அன்றிலிருந்து நிமிர்ந்து நடக்கவில்லை. முன்பெல்லாம் மேல்தொட்டியை எட்டி எட்டிப் பார்ப்பாள். இப்போது ஒரு பலகை போட்டு ஏற வேண்டியிருந்தது. ஆள் குட்டையாகிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. வளர்ந்த மனுசி எப்படிக் குட்டையாவாள் என்று அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

அந்த வருசம் கிறிஸ்மசுக்குப் பிறகு கோயில் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. இடுப்பு வலிக்குத் தைலம் கொடுப்பார்கள் என்று நான்தான் அழைத்துப் போனேன். திண்டுக்கல்லில் இருந்து வந்த டாக்டரம்மா, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டார்.

"எத்தன வருசமா அந்த மாத்திர சாப்புடுறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். "எந்த மாத்திரைங்க?"

"மூச்சு எளைப்புக்கு. மூஞ்சியே சொல்லுதேம்மா."

திண்டுக்கல்லுக்கு வரச்சொல்லி எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் இரண்டு இடம் நசுங்கியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது ஸ்டீராய்டு மாத்திரைம்மா. மருந்து கெட்டதில்ல. மூச்சு அடைச்சப்ப உங்களக் காப்பாத்துனது அதுதான். மூணு நாளைக்குக் குடுத்தத வருசக்கணக்கா சாப்புட்டதுதான் கெட்டது. எலும்ப அரிச்சிருச்சு. இத விடணும்."

"விட்டுர்றேன்" என்றாள் அக்கா. அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது.

"செத்த இருங்க. முழுசாக் கேளுங்க. நம்ம உடம்பே இந்த மாதிரி ஒண்ணத் தெனமும் சுரக்கும். வெளிய இருந்து வந்துக்கிட்டே இருந்தா, நமக்கு வேலை இல்லன்னு அது தூங்கிரும். நீங்க திடீர்னு நிறுத்துனா வெளிய இருந்தும் வராது, உள்ள இருந்தும் வராது. வாந்தி வரும், தலை சுத்தும், எந்திரிக்க முடியாது. உசுருக்கே ஆபத்து. கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சாத்தான் உள்ள தூங்குறது முழிக்கும்."

மாதத்துக்கு அரை மாத்திரை வீதம் குறைக்க ஒரு சீட்டு எழுதினார். வாயில் வைத்து இழுக்கும் மருந்து ஒன்றும் கொடுத்தார். சீட்டின் தலையில் மாத்திரையின் பெயரையும் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, அடியில் கோடு போட்டார்.

"எங்க போனாலும் இது கூடவே இருக்கணும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல இதக் காட்டணும். புரிஞ்சுதா?"

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சீட்டை என்னிடம் நீட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்து, எண்ணைப் புரிந்துகொண்டு நான் பையில் வைத்தேன்.

பஸ்ஸில் ஏறியதும் தொடங்கினாள்.

"முழுசா நிக்க எத்தன மாசமாம்?"

"ஏழெட்டு மாசம் ஆகும்போலக்கா."

"ஏழெட்டு மாசமா! நான் புருசனையே ஒரு மத்தியானத்துல விட்டவ."

முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு யோசித்தால், அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது. மோட்டாரைச் சொல்லியிருக்க வேண்டும். மேல அடைக்கணும், உள்ள இருக்கத அரைக்க விடணும், சத்தம் மாறணும் என்று அவள் சொன்னதையே அவளுக்குச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. "டாக்டரம்மா சொன்னாகல்லக்கா" என்றுதான் சொன்னேன். டாக்டரம்மா சொன்னால் அவள் கேட்பாளா?

இழுக்கும் மருந்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். "வாயில வச்சு உறிஞ்சுறதப் பாத்தா அரைக்க வர்றவுக என்ன நெனப்பாக?" என்று டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டாள். அதற்குப் பதில் பச்சிலை தேடினாள். சித்தையன்கோட்டையில் ஒரு வைத்தியர் இருந்தார். வயசாளி, அவசரமில்லாதவர். நாடி பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், என் பையில் இருந்த சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"ஆடாதொடை தர்றேன். சளிய இளக்கும். தூதுவளையத் தொவையல் அரைச்சுச் சாப்புடு. சுக்கு, மெளகு, திப்பிலி தேன்ல கொழப்பி நாக்குல தடவிக்க. நல்லதுதான். ஆனா ஒண்ணு தாயி. அந்த மாத்திர செய்யிற வேலைய இது செய்யாது. அதத் தூக்கிப் போட்டுட்டு இத நம்பி உக்காராத. அந்தம்மா எழுதுன கணக்குப்படியே குறைச்சுக்கிட்டு வா. இது கூட இருக்கட்டும்."

திரும்பும் வழியில் அவள், "இவருமா?" என்றாள். அவ்வளவுதான்.

ஆடாதொடைக் கொம்பை எண்ணெய் டின்னில் நட்டு மில்லுக்குப் பின்னால் வைத்தாள். நன்றாகத் துளிர்த்தது.

மாத்திரையைக் குறைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பிளேடால் பாதியாக வெட்டி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொட்டலம். நாள் மாறிவிடக் கூடாது என்று தேதிக் காலண்டரில் இருந்து அந்தந்த நாளின் தாளைக் கிழித்து அதிலேயே மடித்தேன். ஈஸ்டர் வரைக்கும் மடித்து, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தேன். அவள் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராத நாளையெல்லாம் கிழிக்கிறியேடா."

"நாள் மாறாம இருக்கத்தான்க்கா."

"தெனமும் அதத் தொட்டுக்கிட்டே அத விடுறேன்னு சொல்றது எனக்குப் பொய்யாத் தெரியுது. திங்கிறதுன்னா திங்கணும், விடுறதுன்னா விடணும். இது என்னது, எலிக்குப் பொரி வைக்கிறாப்புல."

ஆனாலும் தின்றாள். ஐந்து வாரம் கணக்குப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் பழைய லாரிக்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, கொச்சிக்கு வருகிறாயா என்று கேட்டார். சாயங்காலமே கிளம்பினேன். பொட்டலமெல்லாம் டின்னில் இருந்தன, மகள் நிலக்கோட்டையில்தான் இருந்தாள், என்ன குறை என்று நினைத்தேன்.

"வாரேன்க்கா" என்றேன்.

"வா" என்றாள். கோதுமை கொட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கொச்சியில் மூன்றாம் நாள் பையைத் தட்டும்போது சீட்டு கீழே விழுந்தது. சிவப்பு மைக் கோடு போட்ட சீட்டு. தபாலில் அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். கவர் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படியே நாள் போனது.

ஆனி மாதம் திரும்பி வந்தேன். மில்லில் வேறொரு ஆள் நின்றான். "அந்தக்கா தவக்காலத்துலயே எறந்துட்டாங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான். மில்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆடாதொடை என் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அங்கிருந்து நேராக நிலக்கோட்டைக்குப் போனேன்.

மகள் மல்லிகையைக் கோணியில் குவித்து வைத்து உதிரியும் மொட்டும் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் பூ வேன் ஓட்டுகிறவன். நான் அக்காவுக்குத் தம்பி முறை என்பதால் மகள் சின்னதில் இருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். என்னைப் பார்த்ததும் பூவில் இருந்து கையை எடுக்காமல் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்.

சாம்பல் புதனன்று காலையில் அக்கா நெற்றியில் சாம்பலோடு மில்லுக்கு வந்திருக்கிறாள். உபதேசியார் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார், இந்த வருசம் எதை விடப்போகிறாய் என்று. "ஒரு பெரிய சாமான விடப்போறேன், ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றிருக்கிறாள். மாத்திரையைத்தான் விடுகிறேன் என்று மகளிடம் மட்டும் சொன்னாள். மகளுக்கு நாள் கணக்கு, அரை மாத்திரைக் கணக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. அம்மா விட்டால் விட்டதுதான் என்பது மட்டும் தெரியும்.

கோயிலில் பங்குச்சாமி பிரசங்கத்திலேயே சொன்னாராம், நோயாளிகளும் மருந்து சாப்பிடுகிறவர்களும் ஒருசந்தி நோன்பு இருக்க வேண்டாம், மூன்று வேளையும் சாப்பிடுங்கள் என்று. "அது நோயாளிக்கு. எனக்கென்ன நோயி, மூச்சுதான செத்த எளைக்குது" என்று சொல்லிவிட்டு, ஒரு வேளைச் சாப்பாடும் ஆடாதொடைக் கசாயமுமாக இருந்திருக்கிறாள்.

"மொத வாரம் நல்லாத்தான் இருந்தாங்க மாமா. சந்தோசமாக்கூட இருந்தாங்க. மூஞ்சி வத்திருச்சு பாருன்னு கன்னத்தத் தொட்டுத் தொட்டுக் காமிச்சாங்க. பெறகு சோறு வேண்டாம்னாங்க. வாந்தி எடுத்தாங்க. நடந்தா செவுத்தப் புடிச்சுக்கிட்டாங்க. அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். ஒருசந்தி இருந்தா அப்பிடித்தான் இருக்கும், பச்சப் புள்ளையா நானுன்னாங்க. தெருவுல எல்லாருந்தான் மாமா அப்ப கெறக்கமா இருந்தாக."

அதுதான் நடந்தது. தவக்காலத்தில் அந்தத் தெருவே பாதி வயிற்றோடு தளர்ந்து நடக்கும். அவள் தளர்ந்து நடந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கண் குழிந்து, உதடு காய்ந்து, பேச்சு குறைந்திருந்தவளைப் பார்த்து, "பக்தியா இருக்காக" என்று மரியாதையோடு ஒதுங்கினார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை. கோயிலைச் சுற்றிப் பதினான்கு இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் முழந்தாளிட்டு, எழுந்து அடுத்த இடத்துக்குப் போவார்கள். ஒன்பதாவது இடத்தில் அவள் முழந்தாளிட்டாள். எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. தலையைக் குனிந்து, முக்காடு முகத்தை மறைக்க, சுவரில் தோளைச் சாய்த்து அப்படியே இருந்தாள். உருக்கமாக ஜெபிக்கிறாள் என்று எல்லாரும் சத்தம் காட்டாமல் அவளைச் சுற்றிக்கொண்டு பத்தாவது இடத்துக்குப் போய்விட்டார்கள். பதினான்கும் முடித்துத் திரும்பி வரும்போதும் அப்படியே இருந்தாள். உபதேசியார்தான் தொட்டுப் பார்த்தார். உடம்பு குளிர்ந்து வேர்த்திருந்தது. மூச்சு இருந்தது.

மருமகனின் பூ வேனில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மாவிடம் அல்ல, வழியில் முதலில் வந்த வேறொரு ஆஸ்பத்திரிக்கு. பட்டினி கிடந்த உடம்பு என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் இறந்துபோனாள்.

மகள் உள்ளே போய் பிஸ்கட் டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். திறந்தேன். காலண்டர் தாள்கள் நான் அடுக்கியபடியே இருந்தன. மேலே இருந்த தேதி சாம்பல் புதன். அங்கிருந்து ஈஸ்டர் வரைக்கும் ஒரு மடிப்புக்கூடப் பிரியவில்லை.

"அங்க டாக்டரு கேட்டாரு மாமா, இவங்க மாத்திர மருந்து ஏதாவது சாப்புடுறாங்களான்னு. ஒண்ணும் இல்ல சார், எங்கம்மா எல்லாத்தையும் விட்டவங்கன்னு சொன்னேன்." ஒரு மொட்டை எடுத்து உதிரிப் பக்கம் போட்டாள். "பெருமையாத்தான் மாமா சொன்னேன். அவரு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. தப்பாச் சொல்லிட்டனா?"

சீட்டு என் பையில் இருந்தது. பை என் மடியில் இருந்தது. அந்தச் சீட்டு அங்கே இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. டாக்டரம்மா எதற்காகச் சிவப்பு மையில் எழுதினார் என்று புரிந்துகொள்ளும் அளவுக்குப் படிப்பு இருக்கிறது.

"இல்ல பாப்பா" என்றேன். "சரியாத்தான் சொல்லியிருக்க. அக்கா அப்பிடித்தான்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டீ போடட்டுமா மாமா?" என்று எழுந்தாள். போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். செருப்பு, சட்டை, பாய், நல்ல ஒரு டார்ச் லைட், வாடகை அறைகளில் விட்டுவிட்டு வந்த சாமான்கள் நிறைய. அந்தச் சீட்டு மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது. மை வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. எங்க போனாலும் இது கூடவே இருக்கணும் என்று டாக்டரம்மா சொன்னார்.

இருக்கிறது.